பேக்கேஜர் தயாரித்த புத்தகத்துக்குத் தமிழ் உரிமையை யாரிடம் கேட்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு ஆங்கிலச் சிறார் தொடரைத் தமிழில் வெளியிட விரும்புகிறீர்கள். அட்டையில் ஒரு எழுத்தாளர் பெயர் இருக்கிறது. வெளியிட்டிருப்பது பெரிய பதிப்பகம். உள்ளே காப்புரிமைப் பக்கத்தைப் பார்த்தால் இந்த இருவர் பெயரும் இல்லாமல், நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு லிமிடெட் கம்பெனியின் பெயர் இருக்கிறது. விசாரித்தால் அது ‘புக் பேக்கேஜர்’ என்கிறார்கள். பதிப்பகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு மாதக்கணக்கில் பதில் இல்லை. இனி யாருக்கு எழுதுவது என்று கேட்கிறீர்கள். இதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எழுதியவரிடமும் உரிமை இல்லை, வெளியிட்டவரிடமும் இல்லை என்றால் அந்தப் புத்தகம் யாருடையது, எப்படி அவர்கள் கைக்குப் போனது? இது விளங்கிவிட்டால் யாருக்கு எழுதுவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

மொழிபெயர்ப்பு உரிமைகளை வாங்கும் பக்கத்திலும் விற்கும் பக்கத்திலும் பல வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்த ஒப்பந்தங்களை நிறையப் படித்திருக்கிறேன். சுருக்கமான பதில் இது: காப்புரிமை வரியில் யார் பெயர் இருக்கிறதோ அந்த நிறுவனத்துக்கு முதலில் எழுதுங்கள். புத்தகம் அவர்களுடையது என்பதில் சந்தேகம் வேண்டாம். தமிழ் உரிமையை இன்று விற்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மாறும். பேக்கேஜரே வைத்திருக்கலாம், பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம், ஒரு ஏஜெண்டிடம் ஒப்படைத்திருக்கலாம். அதைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேக்கேஜர் என்பவர் ஒரு புத்தகத்தை யோசித்து, ஆள் பிடித்து எழுத வைத்து, எடிட் செய்து, தேவைப்பட்டால் படம் வரைய வைத்து, லே-அவுட் முடித்து, அதை ஒரு பதிப்பகத்துக்கு விற்பவர். கடையில் அவர் பெயரை யாரும் பார்ப்பதில்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு டைப்செட்டிங், காப்பி எடிட்டிங் செய்து தரும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களையும் பேக்கேஜர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் செய்வது கூலி வேலை, முடித்துக் கொடுத்ததும் புத்தகத்தோடு தொடர்பு அறுந்துவிடும். பேக்கேஜருக்கு அப்படி இல்லை. யோசனை அவருடையது, போட்ட பணம் அவருடையது, அதனால் உரிமையும் அவரிடமே தங்கிவிடும்.

கதைத் தொடர்களில் இந்த முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டியவர் அமெரிக்காவின் எட்வர்ட் ஸ்ட்ரேட்மேயர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘சிண்டிகேட்’ என்று அழைக்கப்பட்ட அவருடைய நிறுவனம் சிறுவர் தொடர்களைத் தயாரித்து விற்றது. ஹார்டி பாய்ஸ் 1927-லும், நான்சி ட்ரூ 1930-லும் அங்கிருந்துதான் வந்தன. கதைச் சுருக்கம் சிண்டிகேட் தரும், எழுதுபவர் முழு நாவலாக்கித் தருவார், மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவார். நான்சி ட்ரூவின் ஆரம்பப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றை எழுதிய மில்ட்ரெட் வர்ட் பென்சன் தொடக்கத்தில் புத்தகத்துக்கு 125 டாலர் வாங்கினார். அட்டையில் இருந்ததோ கரோலின் கீன் என்ற, இல்லாத ஒருவரின் பெயர். 1980-ல் நியூயார்க்கில் நடந்த வழக்கு ஒன்றில் அவர் சாட்சி சொன்ன பிறகுதான் விஷயம் பரவலாக வெளியே வந்தது. அந்த வழக்கே எழுத்தாளருக்காகப் போடப்பட்டதில்லை. சிண்டிகேட் புதிய புத்தகங்களை சைமன் அண்ட் ஷுஸ்டர் என்ற இன்னொரு பதிப்பகத்துக்குக் கொண்டுபோனபோது, அரை நூற்றாண்டாகத் தொடரை வெளியிட்டுவந்த கிராசட் அண்ட் டன்லப் அதை எதிர்த்துப் போட்ட வழக்கு அது. பழைய புத்தகங்களின் கெட்டி அட்டைப் பதிப்பு கிராசட்டிடம் தங்கியது. கதாபாத்திரமும் தொடரும் சிண்டிகேட்டுடையவை, புதியவற்றை அது விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஆனது. அவ்வளவு காலம் அச்சடித்தவருக்குத் தொடரின் மேல் உரிமை வந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்குப் பதில் போடாத பதிப்பகமும் அதே இடத்தில் இருக்கக்கூடும். தன்னிடம் இல்லாத உரிமையைப் பற்றிப் பதில் எழுத அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது.

இன்றைய உதாரணம் பிரிட்டனின் வொர்க்கிங் பார்ட்னர்ஸ். பூனைக் கூட்டங்களைப் பற்றிய ‘வாரியர்ஸ்’ தொடர் 2003-ல் ஹார்ப்பர்காலின்ஸ் வழியாக வந்தது. எழுதியவர் எரின் ஹண்டர் என்று அட்டை சொல்லும். அப்படி ஒருவர் கிடையாது. கேட் கேரி, செரித் பால்ட்ரி, விக்டோரியா ஹோம்ஸ் என்று பலர் சேர்ந்த புனைபெயர் அது. ஹோம்ஸ் கதையைத் திட்டமிட்டார், மற்றவர்கள் எழுதினார்கள். காப்புரிமை வரி வொர்க்கிங் பார்ட்னர்ஸ் பெயரில் இருக்கிறது. ‘ரெயின்போ மேஜிக்’ தொடரின் டெய்சி மெடோஸ், ‘பீஸ்ட் குவெஸ்ட்’ தொடரின் ஆடம் பிளேடு எல்லாம் இதே வகை. நீங்கள் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதலாம் என்று யோசித்ததாகச் சொல்லியிருந்தீர்கள். இந்த மாதிரித் தொடர்களில் எழுதுவதற்கு ஆளே இல்லாமல் போகலாம்.

உண்மையான எழுத்தாளர் பெயரே அட்டையில் இருந்தாலும் நிலைமை மாறாமல் இருக்கலாம். ‘வாம்பயர் டைரிஸ்’ தொடரை 1991-ல் தொடங்கிய எல்.ஜே. ஸ்மித் ஒரு பேக்கேஜருக்காகக் கூலி ஒப்பந்தத்தில் எழுதினார். அந்த நிறுவனம் பின்னாளில் அல்லாய் என்டர்டெயின்மென்ட்டுக்குள் போனது. 2011-ல் அவரை நிறுத்திவிட்டு, அவர் தொடங்கிய தொடரை வேறு ஆட்களை வைத்து எழுத வைத்தார்கள். அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு இது இன்றைக்கும் வலிக்கிற விஷயம். அமெரிக்காவில் ‘கூலிக்குச் செய்த படைப்பு’ என்றொரு வகை இருக்கிறது. அந்நாட்டின் 1976 காப்புரிமைச் சட்டம் சம்பளத்தில் இல்லாத வெளி ஆட்களைப் பொறுத்தவரை அதைச் சில வகைப் படைப்புகளுக்குத்தான் அனுமதிக்கிறது, தனி நாவல் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் பேக்கேஜரின் ஒப்பந்தத்தில் ‘அப்படி அமையாவிட்டால் எல்லா உரிமையும் இதன்மூலம் மாற்றித் தரப்படுகிறது’ என்று இன்னொரு வரியும் சேர்த்திருப்பார்கள். பிரிட்டனில் எழுத்துமூலம் மாற்றித் தந்தால் போதும். படைப்பாளி என்று பெயர் போடக் கேட்கும் உரிமையைக்கூட அங்கே விட்டுக்கொடுக்கலாம். சில பேக்கேஜர்கள் எழுதுபவருக்கு விற்பனையில் பங்கும் தருகிறார்கள், மொழிபெயர்ப்பு வருமானமும் அந்தப் பங்குக்குள் வரும். மொத்தத் தொகை மட்டும் வாங்கியவருக்கு, புத்தகம் முப்பது மொழியில் போனாலும் ஒரு ரூபாய் வராது. நீங்கள் வாங்கப்போகும் தொடரில் எது நடந்தது என்று கேட்க உங்களுக்குக் கடமை இல்லை. நான் கேட்பேன்.

இதுவரை சொன்னது கதைப் புத்தகம். நிறையப் படம் உள்ள அறிவுநூல்களில் கதையே வேறு. அங்கே மொழிபெயர்ப்பு உரிமை பின்னால் வரும் உபரி வருமானம் கிடையாது. அது இல்லாவிட்டால் புத்தகமே உருவாகாது.

இந்தத் தொழிலை இங்கிலாந்தில் வேரூன்ற வைத்தவர்களில் வியன்னாவிலிருந்து வந்த அகதிகள் முக்கியமானவர்கள். வுல்ஃப்காங் ஃபோகெஸ் தொடங்கிய ஆட்பிரின்ட் நிறுவனம் தயாரித்த ‘பிரிட்டன் இன் பிக்சர்ஸ்’ வரிசையை 1941 முதல் காலின்ஸ் வெளியிட்டது. அங்கே வேலை பார்த்த வால்டர் நாய்ராத்தான் 1949-ல் தேம்ஸ் அண்ட் ஹட்சனைத் தொடங்கினார். லண்டன் ஆறு, நியூயார்க் ஆறு இரண்டையும் பெயரிலேயே வைத்ததற்குக் காரணம், படப் புத்தகத்தின் செலவை அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பகிர்ந்தால்தான் கட்டுப்படியாகும் என்ற கணக்கு. பின்னால் மிட்செல் பீஸ்லி என்ற படநூல் நிறுவனம் 1969-ல் வந்தது. அங்கே இருந்த பீட்டர் கிண்டர்ஸ்லி, கிறிஸ்டோபர் டார்லிங்கோடு சேர்ந்து 1974-ல் டார்லிங் கிண்டர்ஸ்லியைத் தொடங்கினார். இன்று டி.கே. என்று நமக்குத் தெரிந்த நிறுவனம் முதல் சில ஆண்டுகள் வெறும் பேக்கேஜர்தான். சொந்தப் பெயரில் வெளியிட ஆரம்பித்தது 1982-ல். அவர்களுடைய ‘ஐவிட்னஸ்’ வரிசை 1988-ல் வந்தபோது பிரான்சின் கலிமார் பதிப்பகம் கூட்டாளியாக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்கு நான் போடுபவை. ஒரு பட நூலைத் தயாரிக்க, அதாவது எழுத்து, புகைப்படம், ஓவியம், நிபுணர் சரிபார்ப்பு, லே-அவுட் எல்லாம் சேர்த்து 60,000 பவுண்ட் ஆகிறது. பிரிட்டனில் மட்டும் 6,000 பிரதி போட்டால் பிரதிக்கு 10 பவுண்ட் தயாரிப்புச் செலவு ஏறும், காகிதமும் அச்சும் அதற்கு மேல். விற்க முடியாது. அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாரையும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் 60,000 பிரதி அடித்தால் அதே செலவு பிரதிக்கு 1 பவுண்ட். ஆகவே பேக்கேஜர் புத்தகம் முடிவதற்கு முன்பே, சில பக்கங்கள் மட்டும் அச்சிட்ட மாதிரிப் பிரதியோடு அக்டோபரில் பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சிக்கும், சிறார் நூலாக இருந்தால் வசந்த காலத்தில் இத்தாலியின் போலோன்யா கண்காட்சிக்கும் போய்விடுவார். போதுமான நாடுகள் சரி என்றால் வேலை தொடரும், இல்லாவிட்டால் அந்த யோசனை அங்கேயே கைவிடப்படும்.

எல்லா மொழியையும் ஒரே ஓட்டத்தில் அடிப்பது எப்படி முடிகிறது? நாலு கலர் அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு பிளேட், அதாவது நிறத்துக்கு ஒன்றாக அச்சுத் தகடு. எழுத்து முழுவதும் கறுப்பில் மட்டும் இருந்தால், மொழி மாறும்போது கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். மெஷினில் மற்ற மூன்றும் அப்படியே இருக்கும். படத்துக்கு மேல் ரிவர்ஸில் வெள்ளை எழுத்தோ, சிவப்பில் தலைப்போ வைத்தால் மற்ற பிளேட்டுகளையும் மாற்ற வேண்டும், செலவு ஏறிவிடும். இப்படிப் பல நாட்டுப் பதிப்பகங்களுக்காகச் சேர்த்து அடிப்பதைத்தான் கூட்டுப் பதிப்பு என்கிறோம். அந்தக் கால கூட்டுப் பதிப்புகளில் எழுத்தெல்லாம் கறுப்பாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். ஜெர்மன் எழுத்து நீளும் என்பதால் ஆங்கிலப் பக்கத்திலேயே காலியிடம் விட்டு வடிவமைப்பார்கள். லண்டனில் நடக்கும் காட்சி என்று தெரியும்படி சிவப்பு இரட்டை அடுக்குப் பேருந்தை வரையாதே, கடைப் பலகையில் ஆங்கிலம் வராமல் பார்த்துக்கொள் என்றெல்லாம் ஓவியருக்குக் குறிப்பு போகும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு தெரு அப்படித்தான் பிறக்கிறது. இந்த முறையால் வந்த இழப்பு என்று நான் நினைப்பது அதுதான்.

நம் வாசகர்களுக்கு இது முழுக்கப் புதிது இல்லை. மாஸ்கோவில் அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா வெளியீடுகளில் ரஷ்யப் படங்கள் அப்படியே இருக்க எழுத்து மட்டும் தமிழில் இருந்தது. அங்கே அரசு பணம் போட்டதால் கணக்குப் பார்க்கத் தேவைப்படவில்லை. நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசையிலும் அதே படம், மொழி மட்டும் வேறு. எதிர்த் திசையில் போவதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தாரா புக்ஸ், கையால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் தன் புத்தகங்களை வேற்றுமொழிப் பதிப்பகங்களுக்கு விற்கும்போது அச்சுக்கான கணினிக் கோப்புகளை மட்டும் அனுப்பிவிடுவதில்லை. அந்த மொழி எழுத்தோடு இங்கேயே அச்சடித்து, தைத்து, முடித்த புத்தகமாக அனுப்புகிறது. கையால் செய்த புத்தகத்தை வேறு ஊரில் அச்சடிக்க முடியாது என்பதால் அவர்களுக்குக் கூட்டுப் பதிப்புதான் வழி.

கூட்டுப் பதிப்பு வகையில் நீங்கள் வாங்குவது அச்சான பிரதி. பெரும்பாலும் ராயல்டியும், அதாவது விற்பனையில் உரிமையாளருக்குத் தரும் பங்கும், அந்த விலைக்குள்ளேயே இருக்கும். பிரதிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டால் பிறகு ராயல்டி கணக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் விற்காத பிரதியைத் திருப்பவும் முடியாது, முழுச் சுமையும் உங்களுடையது. ஒரு மொழிக்குச் சில ஆயிரம் பிரதியாவது எடுக்கச் சொல்வார்கள். தமிழில் ஆயிரம் பிரதி அடிக்கவே நாம் யோசிக்கிறோம். ஆகவே உங்களுக்கு நடைமுறையில் பொருந்துவது இரண்டாவது வழி: மொழி உரிமையை மட்டும் வாங்கி, அவர்களிடம் கோப்புகளை வாங்கிக்கொண்டு சிவகாசியிலோ சென்னையிலோ அடிப்பது. முன்பணம், ராயல்டி, அத்துடன் கோப்புக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். இந்தக் கோப்புக் கட்டணம் பேசிக் குறைக்கக்கூடியது. சிறிய மொழி, சிறிய பதிப்பு என்பதை வெளிப்படையாகச் சொன்னால் பலர் இறங்கி வருகிறார்கள்.

பட நூலில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கும். உள்ளே இருக்கும் புகைப்படங்களைப் பேக்கேஜர் படக் களஞ்சியங்களிடமிருந்து வாடகைக்கு எடுத்திருப்பார். அந்த அனுமதி இத்தனை மொழி, இத்தனை பிரதி, இத்தனை வருடம் என்று கட்டுப்பட்டது. தமிழ் அந்த எண்ணிக்கைக்குள் வருகிறதா, காலம் முடிந்துவிட்டதா என்று எழுத்துமூலம் கேளுங்கள். மறுபடி அனுமதி வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு, புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில் படம் படமாகப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தொடர் கதைத் தொடர் என்பதால் ஒப்பந்தத்தில் சில இடங்களில் பிடிவாதமாக இருங்கள். எல்லை ‘இந்தியா’ என்று எழுதி வந்தால் ‘உலகம் முழுவதும் தமிழில்’ என்று மாற்றச் சொல்லுங்கள். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா வாசகர்களை விட்டுவிட்டுத் தமிழ்ப் பதிப்பு போடுவதில் பொருளில்லை. அவர்களுக்கும் அதில் நஷ்டம் இல்லை, தமிழ் உரிமையை வேறு யாரும் கேட்டு வரிசையில் நிற்கவில்லை. மின்னூலையும் ஒலிநூலையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள், சொல்லாதது விற்றவரிடமே நிற்கும். அப்புறம், பேக்கேஜர்களின் மாதிரி ஒப்பந்தங்களில் தமிழ் மொழிபெயர்ப்பின் காப்புரிமையும் தங்களுக்கே வர வேண்டும் என்றொரு வரி இருப்பதுண்டு. நம் 1957 காப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பு தனி இலக்கியப் படைப்பு. சம்பள வேலையில் இல்லாத மொழிபெயர்ப்பாளரே அதன் முதல் உரிமையாளர். அவர் எழுதிக் கொடுக்காமல் நீங்கள் அதை வேறொருவருக்குத் தர முடியாது. அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் மொழிபெயர்ப்பாளரிடம் விஷயத்தைச் சொல்லி, அதற்கேற்ற பணம் கொடுத்து, அட்டையிலோ முகப்புப் பக்கத்திலோ அவர் பெயரைப் போடுங்கள். அங்கே ஒருவர் பெயர் மறைந்தது போதும், இங்கேயும் ஒருவர் மறைய வேண்டாம்.

பணம் அனுப்பும்போது வரி பிடிக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டவருக்குத் தரும் ராயல்டிக்கு இந்தியாவில் 2023-லிருந்து அடிப்படை வீதம் 20 சதவீதம். பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் உள்ள இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி பொதுவாக 15 சதவீதம். குறைந்த வீதம் வேண்டுமென்றால் அவர்கள் நாட்டு வரித்துறை தந்த வதிவிடச் சான்றிதழைக் கேட்டு வாங்கி உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள். இதை முதல் மின்னஞ்சல்களிலேயே சொல்லிவிட்டால், பிறகு ‘பணம் ஏன் குறைந்தது’ என்ற மனத்தாங்கல் வராது.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், ஏழு வருடம் ஆகியும் தமிழில் வரவில்லை என்றால் அனுமதி இல்லாமலே போடலாம் என்று எழுதியிருந்தார். அது தவறு. நம் காப்புரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, வெளியாகி ஏழு வருடம் கழித்து அந்த மொழியில் மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வழி தருகிறது. உரிமையாளரிடம் கேட்டு மறுக்கப்பட்டதையோ, தேடியும் அவரைக் கண்டுபிடிக்க முடியாததையோ நிரூபிக்க வேண்டும், ராயல்டியும் கட்ட வேண்டும். விண்ணப்பிக்காமல் அச்சடித்தால் அது திருட்டுப் பதிப்புதான். இருபது மின்னஞ்சலில் முடிகிற காரியத்துக்கு அந்த வழியில் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சரி, கடிதம். காப்புரிமை வரியில் உள்ள நிறுவனத்தின் இணையதளத்தில் ‘ரைட்ஸ்’ என்ற பக்கத்தைத் தேடுங்கள், பொது முகவரிக்கு அனுப்பாதீர்கள். நிறுவனம் கைமாறியிருந்தால் இன்றைய உரிமையாளரைக் கண்டுபிடியுங்கள், பேக்கேஜர்களைப் பெரிய குழுமங்கள் வாங்குவது வழக்கம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: நீங்கள் யார், இதுவரை போட்ட சிறார் நூல்கள் எவை, எந்தத் தலைப்புகளுக்குத் தமிழ் உரிமை வேண்டும், முதல் பதிப்பு எத்தனை பிரதி, உத்தேச விலை, எப்போது வெளியிடுவீர்கள். பிரதி எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள், முன்பணத்தை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ‘தமிழ் உரிமை உங்களிடம் இருக்கிறதா, இல்லையென்றால் யாரிடம்’ என்று நேராகக் கேளுங்கள். இல்லாதவர்கள் சரியான ஆளுக்கு அனுப்பிவைப்பார்கள். இந்த வட்டம் சிறியது. தொடர் முழுவதையும் ஒரே மூச்சில் வாங்காமல் முதல் இரண்டு மூன்று பாகங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, மீதிக்கு உங்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று ஒரு ஷரத்து வைத்துக்கொள்ளுங்கள். பிராங்பர்ட்டுக்கும் போலோன்யாவுக்கும் முந்தின வாரங்களில் அனுப்பும் கடிதம் கவனிக்கப்படாமல் போய்விடும். கண்காட்சி முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து அனுப்புங்கள்.